பேரேட்டில் ஏறாத கையெழுத்து

2,831 பிள்ளைகள். ஜிம்பாப்வேயின் தலைநகர் ஹராரேயில், 2013 ஜனவரி முதல் மே வரை, 6 ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்தவர்களில் எச்.ஐ.வி. பரிசோதனைக்குத் தகுதியானவர்களின் எண்ணிக்கை இது. வயது 6 முதல் 15 வரை. காய்ச்சலோ, இருமலோ, பிள்ளை எதற்காக வந்திருந்தாலும் ‘எச்.ஐ.வி. பரிசோதனையும் செய்து பார்த்துவிடலாமா?’ என்று சுகாதாரப் பணியாளர் கேட்க வேண்டும் என்பது விதி. கேட்கிறார்களா, கேட்டால் சம்மதம் கிடைக்கிறதா, சம்மதித்தால் என்ன தெரியவருகிறது என்று ஓர் ஆய்வுக் குழு கூடவே இருந்து எண்ணியது. மறு ஆண்டு அந்தக் கணக்கு வெளியானது.

தகுதியானவர்கள் 2,831. கேட்கப்பட்டவர்கள் 2,151. சம்மதித்துச் சோதிக்கப்பட்டவர்கள் 1,534. தொற்று உறுதியானவர்கள் 82. அந்த 82 பேரில் சிகிச்சைப் பிரிவில் போய்ச் சேர்ந்தவர்கள் 95 சதவீதம், அதாவது 78 பேர்.

கடைசி வரியை மட்டும் பார்ப்பவருக்கு இது மகிழ்ச்சியான செய்தி. கண்டுபிடிக்கப்பட்ட பிள்ளைகளில் ஏறக்குறைய எல்லோரும் மருந்துக்கு வந்துவிட்டார்கள். ஆனால் கணக்கு எழுதிப் பழகியவர்களின் கண் கூட்டுத்தொகையில் நிற்காது, ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் இடையில் குறைந்தது எவ்வளவு என்றுதான் தேடும். முதல் வரிக்கும் இரண்டாவது வரிக்கும் நடுவே 680 பேர் இல்லை. இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவே 617 பேர் இல்லை. ஆக 1,297 பிள்ளைகள், நூற்றுக்கு 46 பேர், சுகாதார நிலையத்துக்குள் வந்து, உட்கார்ந்து, மருந்து வாங்கிக்கொண்டு, இந்த ஒன்றைத் தெரிந்துகொள்ளாமலே வீடு திரும்பியிருக்கிறார்கள்.

அந்த 2,831 பேரும் பெற்றோரை இழந்தவர்கள் என்று சொல்ல வரவில்லை. பெற்றோரோடு வந்தவர்களும் அதில் உண்டு. ஆனால் 680 பேர் ஏன் கேட்கப்படவில்லை என்பதற்குப் பணியாளர்கள் சொன்ன முக்கியக் காரணங்களைக் கேட்டால், கதை யாரைச் சுற்றி வருகிறது என்று புரிந்துவிடும். ஆள் பற்றாக்குறை, பரிசோதனைக் கிட் தீர்ந்துபோனது ஆகியவை ஒரு பக்கம். அவற்றோடு வந்த இன்னொரு காரணம்: பிள்ளையோடு வந்திருப்பவர் ஒப்புதல் தரத் தகுந்தவராகத் தோன்றவில்லை.

இந்த ஒரு வரி புரிய வேண்டுமானால் அந்த ஊரின் உறவுமுறை கொஞ்சம் தெரிய வேண்டும். நமக்கு அது கடினமில்லை. அங்கே பேசும் ஷோனா மொழியில் தாயின் தங்கை ‘மைனினி’, சொல்லுக்குச் சொல் சின்ன அம்மா. தந்தையின் தம்பி ‘பாபாமுனினி’, சின்ன அப்பா. தந்தையின் சகோதரிக்குத் தனிப் பெயர், ‘தேத்தே’. பாட்டி ‘அம்புயா’. நம் வீட்டுச் சின்னம்மா, சித்தப்பா, அத்தை எல்லோரும் அப்படியே அங்கே இருக்கிறார்கள். தாய் போனால் பிள்ளை சின்னம்மாவிடமோ பாட்டியிடமோ போகும். அதற்கு யாரும் பத்திரம் எழுதுவதில்லை, நீதிமன்றம் போவதில்லை. சோறு போடுகிறவர்தான் பிள்ளைக்கு உரியவர். ஒப்புதல் படிவத்துக்கு வரும்போதுதான் சிக்கல். படிவம் கேட்பது ‘பெற்றோர் அல்லது பாதுகாவலர்’. சித்தப்பா பாதுகாவலரா? அவர் கையெழுத்துப் போட்டு, நாளைக்கு வேறொருவர் வந்து ‘யாரைக் கேட்டுச் சோதித்தீர்கள்?’ என்றால் பதில் சொல்ல வேண்டியது அந்தச் செவிலியர். அதனால் அவர் கேட்காமலே விட்டுவிடுகிறார்.

ஆய்வு இன்னும் நுணுக்கமாகப் பிரித்துக் காட்டுகிறது. நோய்க்குறி வெளியே தெரியாத பிள்ளை, வயதில் மூத்த பிள்ளை, ஆண் துணையோடு வந்த பிள்ளை, இளவயதுத் துணையோடு வந்த பிள்ளை ஆகியோரிடம் கேட்கும் வாய்ப்பு குறைவு. கேட்டாலும் ஆண்கள் சம்மதிப்பது குறைவு. தாயில்லாத 13 வயதுப் பையனை மருத்துவமனைக்கு யார் கூட்டி வருவார்கள்? மாமா, சித்தப்பா, அல்லது 19 வயது அக்கா. ஆய்வில் தனித்தனியாக நிற்கிற இந்தக் காரணங்கள் அந்தப் பையன் ஒருவனிடம் வந்து ஒன்றாகச் சேர்ந்துவிடும் என்பது என் கணிப்பு.

இன்னொரு தயக்கமும் பணியாளர்களிடம் இருந்தது, அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தொற்று இருப்பது தெரிந்தால் வளர்க்கிறவர்கள் பிள்ளையைக் கொடுமைப்படுத்துவார்களோ, தட்டைத் தனியாக வைப்பார்களோ, படிப்பை நிறுத்திவிடுவார்களோ என்ற பயம். பெற்ற தாய் முன் நின்றால் இந்தப் பயம் இவ்வளவு எழாது.

இனி 617. கேட்கப்பட்டும் மறுத்தவர்கள். கேட்கப்பட்ட 100 பேரில் 29 பேர். வளர்க்கிறவர் வேண்டாம் என்பதற்கு அறியாமை என்று பெயர் வைப்பது எளிது. அதே ஆய்வின் இன்னொரு எண்ணைப் பக்கத்தில் வைத்தால் வேறு விதமாகத் தெரிகிறது. பிள்ளையோடு சேர்ந்து தாமும் சோதித்துக்கொண்ட பெரியவர்கள் 940 பேர். அவர்களில் 186 பேருக்குத் தொற்று இருந்தது. 19.8 சதவீதம், அதாவது ஐந்தில் ஒருவர். பிள்ளையின் விரலில் குத்துகிற ஊசி பெரியவரின் விரலை நோக்கியும் நீளும் என்பது அந்தப் பெரியவருக்குத் தெரியும். பிள்ளைக்குத் தொற்று என்று வந்தால், 6 வருடத்துக்கு முன் ‘காசநோய்’ என்று சொல்லி அடக்கம் செய்த மகளின் மரணத்துக்கு ஊர் புதுப்பெயர் வைக்கும் என்பதும் தெரியும். செத்தவளின் மானத்தையும் உயிரோடிருக்கும் பிள்ளையின் ஆயுளையும் ஒரே தராசில் நிறுக்கச் சொல்கிறது அந்தப் படிவம். உலக சுகாதார நிறுவனத்தின் 2011-ஆம் ஆண்டு வழிகாட்டுதல், பள்ளி வயதிலேயே, 6 முதல் 12-க்குள், பிள்ளையிடம் அதன் நிலையைப் படிப்படியாகச் சொல்லிவிட வேண்டும் என்கிறது. அம்மா எதனால் இறந்தாள் என்பதையே சொல்லாத வீட்டில் அந்தப் படியின் முதல் படி எது?

செலவுப் பக்கத்துக்கு வருவோம். விரல் நுனியில் ஒரு குத்து, ஒரு சொட்டு ரத்தம், 15 முதல் 20 நிமிடக் காத்திருப்பு. முதல் சோதனைப் பட்டையின் விலை ஒரு டாலரைச் சுற்றித்தான். அதில் தொற்று என்று காட்டினால் வேறு வகைப் பட்டைகளில் மறுபடி பார்த்து உறுதி செய்ய வேண்டும். 3 சோதனைகளும் அடுத்தடுத்து அப்படியே காட்டினால்தான் உறுதி என்று உலக சுகாதார நிறுவனம் 2019 முதல் சொல்கிறது. ஹராரேயில் 1,534 பேரைச் சோதித்து 82 பேரைக் கண்டார்கள், ஒரு பிள்ளையைக் கண்டுபிடிக்க ஏறக்குறைய 19 சோதனை. செவிலியரின் சம்பளத்தை ஒதுக்கிவிட்டுப் பட்டைச் செலவை மட்டும் பார்த்தால் 20 டாலரைச் சற்றே தாண்டும். ஒரு பிள்ளையின் உயிருக்கு முன்பணம் அவ்வளவுதான்.

விட்டுப்போன 1,297 பேரிடமும் இதே விகிதத்தில் தொற்று இருந்திருந்தால்? 69 பேர். இது நான் போட்ட பெருக்கல், ஆய்வின் முடிவு இல்லை. நோய்க்குறி இல்லாதவர்கள்தான் அதிகம் விடுபட்டார்கள் என்பதால் உண்மை எண் இதைவிடக் குறைவாகவும் இருக்கலாம். பாதி என்றே வைத்துக்கொண்டாலும் 34 பிள்ளைகள்.

பத்துப் பன்னிரண்டு வயதில் எப்படித் தொற்று என்று சிலர் கேட்கக்கூடும். பெரும்பாலும் பிறப்பிலேயே வந்தது. எந்தத் தடுப்பும் இல்லாவிட்டால் தாயிடமிருந்து பிள்ளைக்குத் தொற்றுவது 15 முதல் 45 சதவீதம். தொற்றோடு பிறந்து சிகிச்சை கிடைக்காத குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப்பேர் இரண்டாவது பிறந்தநாளைப் பார்ப்பதில்லை. அதனால் மிச்சமிருப்பவர்கள் யாருமில்லை என்றே வெகுகாலம் மருத்துவ உலகம் நினைத்திருந்தது. பிறகு கணக்கிட்டுப் பார்த்தபோது, தொற்றோடு பிறந்தவர்களில் சுமார் 36 சதவீதம் பேருக்கு நோய் மெதுவாக முற்றுகிறது, அவர்கள் சிகிச்சை இல்லாமலே இடைநிலையாக 16 வயது வரை தாக்குப்பிடிக்கிறார்கள் என்று தெரியவந்தது.

இந்த 16-ஐ ஓர் ஆண்டோடு கூட்டிப் பாருங்கள். ஜிம்பாப்வேயில் தொற்று உச்சம் தொட்டது 1997-ஐ ஒட்டி. அப்போது பெரியவர்களில் நான்கில் ஒருவருக்கு மேல் தொற்று. 1997-உடன் 16-ஐக் கூட்டினால் 2013. ஹராரே ஆய்வு எண்ணிய பிள்ளைகளில் மூத்தவர்கள் அந்த உச்சத்தை ஒட்டிப் பிறந்தவர்கள். அவர்களுடைய தாய்மாரில் பலர் மலிவு மருந்து வருமுன்பே போய்விட்டார்கள். 2009 வாக்கில் அந்த நாட்டில் எய்ட்ஸால் தாயையோ தந்தையையோ இருவரையுமோ இழந்த 18 வயதுக்கு உட்பட்டவர்கள் சுமார் 10 லட்சம். இதற்கு முன்னோட்டம் மருத்துவமனைப் படுக்கைகளிலேயே தெரிந்தது. ஹராரேயின் இரண்டு மருத்துவமனைகளில் அவசரமாகச் சேர்க்கப்பட்ட 10 முதல் 18 வயதுவரையான 301 பேரை ஓர் ஆய்வு பரிசோதித்தது. 139 பேருக்குத் தொற்று, 46 சதவீதம். அவர்களிடம் பொதுவாகக் கண்டவை: வயதுக்கேற்ற உயரம் இல்லாமை, பூப்படைவதில் தாமதம், தாய் இல்லாமை.

‘அநாதை’ என்ற சொல்லையும் இங்கே கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். ஐ.நா. அமைப்புகளின் கணக்கில் 18 வயதுக்குள் ஒருவரை இழந்தாலே போதும், அந்தப் பிள்ளை அந்தப் பட்டியலில் ஏறிவிடும். நம் பேச்சில் அப்பா இருக்கிற பிள்ளையை அப்படிச் சொல்ல மாட்டோம், சொன்னால் அடி விழும். ஷோனாவில் இதற்கு ‘நெரேரா’ என்ற சொல் உண்டு. எந்தச் சொல்லாக இருந்தாலும், பரிசோதனையைப் பொறுத்தவரை தாயை இழந்ததும் தந்தையை இழந்ததும் ஒன்றல்ல. தாய்தான் கர்ப்பத்தில் சோதிக்கப்பட்டவள், தடுப்பூசி அட்டையைப் பத்திரமாக வைத்திருப்பவள். இன்று பல நாடுகளில் பின்பற்றும் வழி, சிகிச்சையில் இருக்கும் பெரியவரிடம் ‘உங்கள் பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள்’ என்பது. அந்தக் கதவைத் திறக்க உயிரோடு ஒரு தாய் வேண்டும்.

பிறப்பில் வராவிட்டாலும் கதை முடிவதில்லை. பெற்றோரை இழந்த இளையோரையும் இழக்காதவர்களையும் ஒப்பிட்ட 10 ஆய்வுகளை, மொத்தம் 12,156 பேரை, 2011-இல் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். இழந்தவர்களிடம் தொற்று 10.8 சதவீதம், இழக்காதவர்களிடம் 5.9. ஏறக்குறைய இரட்டிப்பு. அதில் 93 சதவீதம் பேர் பெண்கள் என்பதால் பையன்களுக்கு இந்த எண்ணை அப்படியே பொருத்திவிட முடியாது. காரணத்தைத் தேடி வெகுதூரம் போக வேண்டாம். பள்ளிக் கட்டணம் கட்ட ஆளில்லாதவள் பள்ளியை விடுகிறாள், விட்டவளுக்குச் சீக்கிரம் கல்யாணம் அல்லது வயதில் மூத்த ஆணின் துணை. ஜிம்பாப்வேயின் கிழக்கே மனிகலாந்தில் பெற்றோரை இழந்த 329 சிறுமிகளை வைத்து நடந்த ஒரு சோதனையில் கட்டணம், சீருடை, பள்ளியில் ஓர் ஆசிரியரின் கவனிப்பு மூன்றையும் கொடுத்துப் பார்த்தார்கள். 2 ஆண்டில் பள்ளியை விடுவது 82 சதவீதம் குறைந்தது, திருமணம் 63 சதவீதம் குறைந்தது. இதுபோன்ற முறையைக் கென்யாவின் மேற்கே 26 பள்ளிகளில் 835 பிள்ளைகளிடம் கொண்டுபோனபோது தொற்று விகிதத்தில் வேறுபாடு எதுவும் கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும். ஒரு பக்கத்து வரவை மட்டும் காட்டுவது கணக்காகாது.

எல்லோரையும் சோதிக்க ஆளும் கிட்டும் இல்லாத இடத்தில் யாரை முதலில் சோதிப்பது? ஹராரேயிலேயே ஒரு குறுக்குவழி செய்து பார்த்தார்கள். 4 கேள்விகள். பிள்ளை முன்பு மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றதுண்டா? தோலில் அடிக்கடி தொல்லையா? கடந்த 3 மாதமாக உடம்பு சரியில்லையா? பெற்ற தாய் தந்தையரில் ஒருவரோ இருவருமோ இறந்துவிட்டார்களா? ஒன்றுக்கேனும் ‘ஆம்’ என்றால் பரிசோதனை. எல்லோரையும் சோதித்தால் 22 பேருக்கு ஒரு பிள்ளை அகப்பட்ட இடத்தில், இந்தச் சல்லடையைப் போட்டால் 10 பேருக்கு ஒரு பிள்ளை. செலவு பாதிக்கும் கீழே. ஆனால் சல்லடை தொற்றுள்ளவர்களில் 80 சதவீதம் பேரைத்தான் பிடிக்கிறது. ஐந்தில் ஒரு பிள்ளை நான்கு கேள்விகளுக்கும் ‘இல்லை’ சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விடும்.

கணக்கில் இதைவிட விசித்திரமான வரி எனக்குத் தென்படவில்லை. ‘பெற்றோர் இறந்துவிட்டார்களா?’ என்ற கேள்விக்கு ஆம் என்றால் பிள்ளை பரிசோதனை வரிசையில் முன்னுக்கு வருகிறது. அதே ‘ஆம்’தான் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட ஆளில்லாமல் செய்து அதைப் பின்னுக்கும் தள்ளுகிறது. ஒரே பதிவு, வரவிலும் ஏறுகிறது, பற்றிலும் ஏறுகிறது.

கையெழுத்துக்கு ஒரு வயது உண்டு. இந்த ஆய்வுகள் நடந்த காலத்தில் ஜிம்பாப்வேயில் தன் பரிசோதனைக்குத் தானே ஒப்புதல் தரும் வயது 16. தெற்கே லிம்போப்போ ஆற்றைத் தாண்டினால் தென்னாப்பிரிக்கா. அங்கே 2005-ஆம் ஆண்டுச் சிறார் சட்டத்தின் 130-ஆவது பிரிவு 12 வயதைச் சொல்கிறது, அதற்கும் குறைந்த வயதில் விவரம் புரிகிற பிள்ளையாக இருந்தாலும் போதும் என்கிறது. லெசோத்தோவிலும் 12. மலாவியில் 13. ஆற்றுக்கு இந்தப் பக்கம் பெய்ட்பிரிட்ஜ், அந்தப் பக்கம் முசீனா, நடுவில் ஒரு பாலம். முசீனாவில் 12 வயதில் கையெழுத்துப் போடலாம், பெய்ட்பிரிட்ஜில் அன்று இன்னும் 4 வருடம் காத்திருக்க வேண்டியிருந்தது. வைரசுக்கு இந்த எல்லை தெரியாது.

இந்த 4 வருடத்துக்கு ஓர் அளவும் கிடைத்திருக்கிறது. சகாராவுக்குத் தெற்கே உள்ள 15 நாடுகளின் 15 முதல் 18 வயதினரை 2019-இல் வெளியான ஓர் ஆய்வு ஒப்பிட்டது. ஒப்புதல் வயது 16-க்குக் கீழே உள்ள நாடுகளில் பரிசோதனை செய்துகொண்டவர்கள் 11 சதவீதப் புள்ளிகள் அதிகம். இதற்குக் கிட் வாங்க வேண்டாம், கட்டடம் கட்ட வேண்டாம். அரசிதழில் ஓர் எண்ணை மாற்றி அச்சடிக்கும் செலவு. இந்தக் கட்டுரைக்காக நான் சேர்த்த இனங்களில் இதைவிட மலிவானது வேறில்லை. மலிவான இனங்கள்தான் சட்டசபைகளில் அதிக நாள் கிடக்கின்றன என்பது வேறு கதை.

இந்தியாவின் 2017-ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டம் இந்த முடிச்சை வேறொரு பக்கத்திலிருந்து அவிழ்க்கப் பார்த்தது. 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த அதன் 32-ஆவது பிரிவின்படி, நோயால் பாதிக்கப்பட்ட குடும்பத்தை நடத்திச் செல்கிற, 12 வயது நிறைந்த, விவரம் புரிந்த அண்ணனோ அக்காவோ தம்பி தங்கைக்குப் பாதுகாவலராக நிற்கலாம். பள்ளியில் சேர்க்க, சிகிச்சைக்கு, வங்கிக் கணக்குக்கு அந்தச் சிறு கையெழுத்து செல்லும். வீட்டில் ஏற்கெனவே சோறு பொங்கிப் போடுகிற பிள்ளையைச் சட்டம் கொஞ்சம் தாமதமாகக் கண்டுகொண்டது.

ஜிம்பாப்வே ஆய்வாளர்கள் இன்னொன்றையும் செய்து பார்த்தார்கள்: காசு கொடுத்தால் வருவார்களா? 2015 ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரை, ஹராரேயில் 8 முதல் 17 வயதுப் பிள்ளைகள் இருந்து அவர்களின் நிலை தெரியாத வீடுகளை மூன்றாகப் பிரித்தார்கள். முதல் பிரிவுக்கு ஒன்றுமில்லை. இரண்டாம் பிரிவுக்குச் சோதனை செய்துகொண்ட பிள்ளைக்கு 2 அமெரிக்க டாலர், அன்றைய மதிப்பில் சுமார் 130 ரூபாய். மூன்றாம் பிரிவுக்குப் பரிசுச் சீட்டு, விழுந்தால் 5 அல்லது 10 டாலர். (அமெரிக்க டாலர் ஏன் என்றால், 100 லட்சம் கோடி என்று அச்சிட்ட நோட்டு வரை போய்ப் பார்த்துவிட்டு 2009-இல் அந்த நாடு சொந்தப் பணத்தையே ஓரங்கட்டியிருந்தது.)

ஒன்றுமில்லாத 472 வீடுகளில் 93-இல் குறைந்தது ஒரு பிள்ளை சோதிக்கப்பட்டது, 20 சதவீதம். 2 டாலர் பெற்ற 654 வீடுகளில் 316, அதாவது 48 சதவீதம். பரிசுச் சீட்டுப் பெற்ற 562 வீடுகளில் 223, அதாவது 40 சதவீதம். கையில் கிடைக்கிற சிறு தொகைக்கு வருகிறவர்கள் கிடைத்தாலும் கிடைக்கலாம் என்கிற பெருந்தொகைக்கு அந்த அளவுக்கு வருவதில்லை. பற்றாக்குறையில் குடும்பம் நடத்தியவர்களுக்கு இதற்கு ஆய்வு வேண்டியதில்லை.

100 வீடுகளுக்குக் கணக்கிடுவோம். பணம் இல்லாமலே 20 வீடுகள் வந்திருக்கும். பணத்தால் 48. கூடுதல் 28. வீட்டுக்கு ஒரு பிள்ளை என்று வைத்தால் கொடுத்த தொகை 96 டாலர், கூடுதலாக வந்த ஒரு வீட்டுக்கு 3 டாலர் 43 சென்ட். இரண்டு பிள்ளைகள் என்றால் அதன் இரட்டிப்பு. நோயாளியாக வராத பிள்ளைகளிடம் தொற்று குறைவாகவே அகப்படும் என்பதால் ஒரு பிள்ளையைக் கண்டுபிடிக்கும் செலவு சுகாதார நிலையத்தில் ஆவதைவிடப் பல மடங்கு போகும், அதை மறைக்க முடியாது. ஆனாலும் அந்த 2 டாலரை ஆசைகாட்டல் என்று படிக்க எனக்குத் தோன்றவில்லை. அந்த ஆண்டுகளில் ஹராரேக்குள் கோம்பி என்கிற வேனில் ஒரு முறை போக அரை டாலர். பாட்டியும் பேரனும் போய்வர 2 டாலர். அதுவரை அந்த வீடு தன் பையிலிருந்து கட்டிவந்த தொகை அது, ‘இலவசப் பரிசோதனை’ என்ற பலகைக்குக் கீழே எங்கும் எழுதப்படாமல்.

வீட்டிலேயே வாய் ஈரத்தைத் துடைத்துப் பார்க்கும் சுயபரிசோதனைக் கருவி 2017-இல் ஏழை நாடுகளுக்கு 2 டாலருக்கு வந்தது. 2022-இல் ரத்தச் சொட்டில் பார்க்கும் இன்னொரு கருவி ஒரு டாலருக்கு வந்தது. கையெழுத்தும் வேண்டாம், வேன் கட்டணமும் வேண்டாம். இளைஞர்களுக்கு இது நல்ல வழிதான். ஆனால் 13 வயதில், தனி அறையில், இரண்டு கோடு தெரிந்த கருவியைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்து யாரைக் கூட்டிக்கொண்டு போவது என்று அந்தப் பெட்டிக்குள் இருக்கும் தாளில் எழுதியிருக்காது.

கண்டுபிடித்த பிறகு ஆகும் செலவு குறைந்துகொண்டே வந்திருக்கிறது, அதில் நம் நாட்டுக்குப் பங்குண்டு. 2000-இல் ஓர் ஆளுக்கு ஓராண்டுக் கூட்டு மருந்து 10,000 டாலருக்கு மேல். 2001 பிப்ரவரியில் மும்பையின் சிப்லா நிறுவனம் 350 டாலர் என்றது. 2017-இல் டோலுடெக்ராவிர் என்ற மருந்து சேர்ந்த ஒற்றை மாத்திரை 75 டாலர். 2023-இல் 45 டாலருக்கும் கீழே. தண்ணீரில் கரைத்துக் கொடுக்கும் குழந்தைகளுக்கான டோலுடெக்ராவிர் 2020 இறுதியில் ஆண்டுக்கு 36 டாலர் என்ற விலைக்கு இறங்கியது. 20 டாலரில் கண்டுபிடித்து, 45 டாலரில் ஒரு வருடம் காப்பாற்றலாம். எண்கள் இவ்வளவு சிறியவை.

மாத்திரையை விழுங்கவைக்க ஆள் வேண்டும், அதுவும் செலவுதான். ஹராரேயில் 2004-இல் தொடங்கிய ‘ஸ்வாந்திரி’ என்ற அமைப்பு (ஷோனாவில் ‘நான் இருக்கிறபடி’) தொற்றோடு வாழும் 18 முதல் 24 வயதினரைப் பயிற்றுவித்து, அவர்களைவிட இளையவர்களின் வீடுகளுக்கு அனுப்புகிறது. பிந்துரா, ஷாம்வா மாவட்டங்களின் 16 சுகாதார நிலையங்களில் 13 முதல் 19 வயதினரை வைத்து இதைச் சோதித்தார்கள். 96 வாரங்களில் வைரஸ் கட்டுப்படாதவர்கள் அல்லது இறந்தவர்கள், இந்தத் துணை இருந்த இடத்தில் 25 சதவீதம், இல்லாத இடத்தில் 36. அக்கா வயதுப் பெண் ஒருத்தி வீடு தேடி வந்து ‘மாத்திரை போட்டாயா?’ என்று கேட்பதன் மதிப்பு அந்த 11.

யார் கட்டுகிறார்கள்? ஜிம்பாப்வே 2000 முதல் வருமான வரியின் மீது 3 சதவீதம் எய்ட்ஸ் தீர்வை வசூலிக்கிறது. தன் மக்களின் சம்பளத்திலிருந்தே இதற்கென்று வெட்டியெடுத்த நாடுகள் அதிகமில்லை. ஆனாலும் பெரும்பங்கு வெளியிலிருந்து வந்த பணம். அமெரிக்காவின் எய்ட்ஸ் உதவித் திட்டம் 2003-இல் உருவானபோது அதன் நிதியில் 10 சதவீதம் பெற்றோரை இழந்த, நலிந்த பிள்ளைகளுக்கென்று சட்டத்திலேயே ஒதுக்கப்பட்டது. 2025 ஜனவரி 20 அன்று வெளிநாட்டு உதவி அனைத்தும் 90 நாளைக்கு நிறுத்தப்பட்டது. இரண்டு வாரத்தில் உயிர்காக்கும் பணிகளுக்கு விலக்கு வந்தது. சிகிச்சை அதில் இருந்தது, பரிசோதனையும் இருந்தது. அந்தப் பிள்ளைகளை வீடு தேடிப் போய்ப் பார்க்கும், பள்ளிக் கட்டணம் கட்டும் பணிகள் விலக்குப் பட்டியலில் இல்லை. கிட் வரும், அதனருகே பிள்ளையைக் கூட்டி வருகிறவர் வரமாட்டார்.

எய்ட்ஸால் தாயையோ தந்தையையோ இழந்த, 18 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் உலகில் இப்போது ஏறக்குறைய 1.4 கோடி. 2009-இல் இது 1.6 கோடிக்கு மேல். குறைந்ததற்கு மருந்து ஒரு காரணம், பெற்றோர் சாவது குறைந்தது. வயது இன்னொரு காரணம். 18 நிறைந்ததும் பிள்ளை பட்டியலிலிருந்து தானாக நீங்கிவிடும், சோதிக்கப்பட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும்.

2013-இல் யாரும் கேட்காமல் வீட்டுக்கு அனுப்பிய அந்த 680 பேரில் மிக இளையவருக்கு அப்போது 6 வயது. 2023-இல் அவருக்கும் 16 ஆகிவிட்டது. இருப்பவர்கள் இப்போது தாங்களே கையெழுத்துப் போடலாம்.